மிட்சுயோ திரும்பிய விதம்

பிறர் வரைந்த பெண்களுக்கு நிறம் கொடுப்பது மிட்சுயோ நெகிஷியின் தொழில். கன்னத்துக்கு ஒரு நிறம், கன்னத்தின் நிழலுக்கு ஒரு நிறம், கண்ணீர்த் துளிக்கு வேறொன்று என, டோக்கியோவின் மேற்குப் பகுதியிலிருந்த ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் அவளது இளமை கழிந்தது. தூரிகை போய்க் கணினி வந்தபோதும் அவளுடைய இருக்கை மாறவில்லை.

அவள் கணவர் கென்சாகு வேறொரு நிறுவனத்தில் ஓவியர். ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை அவர் வரைவார். இடைப்பட்டவற்றை மற்றவர்கள் நிரப்புவார்கள். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அவர் ஒரு காதல் படத்துக்கு வேலையை ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு காட்சிதான். ரயில் நிலையத்தில் காதலனைப் பிரிந்து செல்லும் நாயகி, கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாள். மருத்துவமனைக் கட்டிலில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அதை வரைந்து முடித்தார்.

அந்தப் பெண் நீதான் என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார். அறையை விட்டு வெளியேறும்போது அவள் திரும்பிப் பார்க்கும் விதத்தைத்தான் வரைந்திருந்தாராம். மிட்சுயோவுக்கு வெட்கமாக இருந்தது, ஆவலும் எழுந்தது. தான் திரும்புவதைத் தானே யாரால் பார்க்க முடியும்?

“அப்படி எப்படித்தான் திரும்பறேன்? காட்டுங்களேன்.”

“தெரிஞ்சுட்டா அப்புறம் நடிக்க ஆரம்பிச்சிடுவே,” என்றார் கென்சாகு. “படம் வரட்டும், சீட்டு வாங்கிப் போய்ப் பாரு. ஓசியில எல்லாம் காட்ட மாட்டேன்.”

படம் வெளிவருவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு, அந்தப் படத்தின் தயாரிப்பு வேலைகளைக் கவனித்த இகேதானி என்னும் இளைஞன் வந்தான். ஊதுவத்தி ஏற்றி வணங்கிய பிறகு, வேலை முடிந்ததும் கென்சாகுவின் ஓவியங்களைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டான். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்று மிட்சுயோ மறுத்தாள். அவன் மீண்டும் கேட்டான். அவள் மீண்டும் மறுத்தாள். எதைக் கொடுத்தாலும் இரு முறை மறுத்து, மூன்றாம் முறை தலைகுனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றே அவள் வளர்க்கப்பட்டிருந்தாள். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, இனிப்பையும் தின்றுவிட்டுப் பணிவோடு விடைபெற்றான்.

போகட்டும், படத்தில்தான் வரப்போகிறதே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வசந்த காலத்தில் படம் வெளியானது. முதல் நாள் காலைக் காட்சிக்கே மிட்சுயோ இகெபுக்குரோவிலிருந்த திரையரங்குக்குப் போனாள். படத்தில் யாருக்கு வருத்தம் வந்தாலும் உடனே மழை பெய்தது. பின்வரிசையில் இரண்டு பள்ளி மாணவிகள் முணுமுணுத்தனர்.

“இவன் செத்துடுவான் பாரேன். இருமிட்டான்ல?”

“வாய மூடுடி. அழலாம்னு கைக்குட்டையெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்.”

ரயில் நிலையம் வந்தது. மிட்சுயோ மூச்சை அடக்கிக்கொண்டாள். நாயகி திரும்பினாள். கூந்தல் காற்றில் மிதந்தது, கண்கள் விரிந்தன, ஒரு துளி மெல்ல உருண்டது. எத்தனையோ படங்களில் எத்தனையோ பெண்கள் இப்படித்தான் திரும்பினார்கள். அவர்களுக்கெல்லாம் நிறம் கொடுத்தவள் அவள். கென்சாகு இவ்வளவு அலுப்பான ஒன்றை வரைந்திருக்க மாட்டார்.

நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒவ்வோர் ஓவியரின் கையிலும் முகம் சற்று மாறிவிடும் என்பதால், தலைமை ஓவியர் ஒவ்வொரு தாளின் மேலும் மஞ்சள் தாள் ஒன்றை வைத்துத் திருத்தி வரைவார். அது வழக்கம்; யார் மீதும் குற்றமில்லை. கென்சாகு உயிரோடு இருந்திருந்தால் சண்டை போட்டுத் தம் கோடுகளைக் காப்பாற்றியிருப்பார்.

பெயர்கள் ஓடி முடிந்து விளக்கு எரியும்வரை எவரும் எழவில்லை. கென்சாகுவின் பெயர் மற்றவர்களின் பெயர்களுக்கு இடையே மேலேறி மறைந்தது.

“அவ்ளோதானா?” என்றாள் பின்வரிசைப் பெண். கைக்குட்டை மடிப்புக் கலையாமல் பைக்குள் போனது.

திருத்திய கோடுகளுக்கு அடியில் அவருடைய கோடு ஒன்றாவது தப்பியிருக்காதா என்று, மிட்சுயோ அந்தப் படத்தை மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்த்தாள். கூட்டம் வராததால் விரைவிலேயே திரையரங்குகள் அதை எடுத்துவிட்டன.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவள் இகேதானியைத் தேடி அவனுடைய அலுவலகத்துக்குப் போனாள். அவன் வாற்கோதுமைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். வாழ்க்கையில் முதன்முறையாக, வானிலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், கணவரின் ஓவியங்கள் வேண்டும் என்று அவள் நேரடியாகக் கேட்டுவிட்டாள்.

இகேதானி தரையைப் பார்த்தபடி சொன்னான். வைக்க இடம் இல்லாததால் அத்தனை தாள்களும் கூழாக்கப் போய்விட்டனவாம். கணினியில் இருப்பவையும் திருத்திய படங்கள் மட்டுந்தானாம்.

“நான் ரெண்டு தடவை கேட்டேனேம்மா,” என்றான். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை.

“ஆமா. ரெண்டு தடவை கேட்டீங்க.”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள், “நீங்க பாத்திருப்பீங்க இல்ல? அது எப்படி இருந்துச்சு?” என்றாள்.

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா.”

“நல்லா இருந்துச்சுன்னா? அவ எப்படித் திரும்பினா?”

அவன் எழுந்து மேசைகளுக்கு இடையில் நின்றான். நாலடி நடந்து திரும்பிக் காட்டினான். அடுத்த மேசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவன் தலையைச் சொறிந்துவிட்டு, மறுபடியும் நடந்து மறுபடியும் திரும்பினான். இரண்டும் திரையில் வந்த திரும்பல்தான்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. இப்ப யோசிச்சா படம்தான் ஞாபகத்துக்கு வருது.”

அவனுக்கு வீண் தொந்தரவு கொடுத்துவிட்டதாகச் சொல்லி, மிட்சுயோ தலைவணங்கிப் புறப்பட்டாள். பாதிப் படி இறங்கியபோது அவன் மேலிருந்து கூப்பிட்டான்.

“அம்மா, குடைய விட்டுட்டுப் போறீங்க.”

அவள் நின்றாள். முதலில் தோளைத் திருப்புவதா, முகத்தைத் திருப்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, அவன் இறங்கி வந்து குடையைக் கையில் கொடுக்கும்வரை அப்படியே நின்றிருந்தாள்.