ஒரு கட்டத்தின் வம்சாவளி

இருபத்துமூன்று வருடங்களில் சுமார் நாற்பது லட்சம் நகல்கள். அத்தனையும் மாடிப்படிக்குக் கீழே, ஒரு நாற்காலியும் ஒரு மெஷினும் மட்டுமே கொள்ளும் இடத்தில் எடுத்தவை. எடுத்தவரை அலுவலகம் 'ஜெராக்ஸ் அக்கா' என்றே அழைக்கும். படித்தது விலங்கியல். அந்தப் படிப்பு வேலையில் ஒரே ஒரு தடவைதான் உதவியது, போன மாதம்.

வீட்டுமனை விண்ணப்பத்தில் மனைவி அல்லது கணவர் பெயருக்குப் பக்கத்தில் தலைப்பில்லாத ஒரு குட்டிக் கட்டம் உண்டு. அதில் டிக் இல்லையென்றால் கவுண்டர்காரர் மனுவைத் திருப்பிவிடுவார். "எதுக்குங்க இது?" என்று கேட்டால், "போட்டுடுங்க சார், எதுக்கு வம்பு?" என்பார்.

அங்கே எழுத்தராக இருந்து, இருபத்தைந்து வருடம் கழித்து மேலதிகாரியாகத் திரும்பி வந்த அம்மையாரின் கண்ணில் கட்டம் பட்டது. எல்லா விரல்களும் மாடிப்படிக்குக் கீழே நீண்டன.

"படிவத்துல நீங்களா கட்டம் போடுவீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள யாரு போட்டதுன்னு சொல்லுங்க. இல்லன்னா குடோனுக்குப் போங்க."

குடோனில் ஜன்னல் கிடையாது, எலி உண்டு. "விலங்கியல்தானே படிச்சீங்க?" என்று ஆறுதல் சொன்னார் கவுண்டர்காரர்.

அக்கா பழைய கோப்புகளை அவிழ்த்து, தாழ்வாரம் முழுக்கப் படிவங்களைப் பரப்பினார். நகலைப் பார்த்து நகல் எடுத்தவை. அப்பனுக்கு உள்ள மச்சம் பிள்ளைக்கும் வரும். பிள்ளைக்குப் புதிதாக வந்தது பேரனுக்குப் போகும், அப்பனுக்குத் திரும்பாது. உயிர்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் மொழிகளுக்கும் இதே கணக்குதான் என்று கல்லூரியில் படித்தது. இடது ஓரம் கோடு விழுந்தவை ஒரு வகையறா. ஸ்டேப்ளர் ஓட்டையின் நிழல் உள்ளவை இன்னொன்று.

"நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதும்பாங்க அக்கா," என்றார் கவுண்டர்காரர்.

"படிவமூலம் பாக்கலாம். தள்ளி நில்லுங்க, சித்தப்பாவை மிதிக்கிறீங்க."

"இதுவும் அதுவும்?"

"ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி."

"சம்பந்தி யாரு?"

"கிடையாது. இதுங்க தனியாவே பெத்துக்கும்."

"மாமியாரே இல்லியா? குடுத்து வச்ச குடும்பம்!"

பின்னோக்கிப் போகப்போகக் கட்டத்தின் மூலைகள் மழுங்கின. உள்ளே கருமை நிறைந்தது. பிறகு பக்கவாட்டில் மயிரிழைகள் முளைத்தன. வியாழன் மாலை, எல்லாவற்றுக்கும் மூத்த தாளில் அக்கா பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினார். ஆறு கால், இரண்டு கொம்பு.

"எறும்பு," என்றார். "மெஷின் கண்ணாடியில நசுங்கியிருக்கு."

கவுண்டர்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு எறும்புக்கா இத்தனை வருஷம் டிக் வாங்கினேன்? டிக் இல்லன்னு ஒரு நீதிபதியையே திருப்பி அனுப்பினேனே!"

எறும்பைச் சுற்றிப் பிஸ்கட் தூள் மாதிரி புள்ளிகள். அடியில் 'நகல் எடுத்தவர்' என்ற இடத்தில் ஒரு சுருக்கொப்பம். அக்கா தினமும் கோப்புகளில் பார்க்கும் ஒப்பம். குடோன் உத்தரவில் கையெழுத்துப் போடப்போகும் அதே கை.

வெள்ளிக்கிழமை தாளை மேசையில் வைத்தார். மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"அப்பல்லாம் காலையில சாப்பிட நேரமே இருக்காதும்மா. மெஷின் மேலயே வச்சுத்தான் ரெண்டு பிஸ்கட்..."

"எறும்புக்கும் அதே கஷ்டம்தான் மேடம்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் கவுண்டர்காரருக்கும்."

"அப்ப ஊருக்கே தெரியும்," என்று சொல்லி, குடோன் உத்தரவை அவரே கிழித்தார்.

திங்கட்கிழமை கட்டமில்லாத புதிய படிவம் அச்சாகி வந்தது. மதியத்துக்குள் பன்னிரண்டு பேர் பேனாவால் கட்டம் வரைந்து, டிக் போட்டுக் கொடுத்தார்கள். கவுண்டர்காரர் வாங்கிக்கொண்டார்.