கதவுக்கு வெளியே வசந்தி

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்க்குக் கிடைத்த கூலிதான் என் இயக்குநர் பதவி...

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்கா அரங்கில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது கைதட்டினீர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். தாராவியில் பிறந்தவள் இன்று மூன்று கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் இருக்கிறேனாம். உழைப்பால் உயர்ந்தேனாம்! எப்படி உயர்ந்தாய் என்று ஒருவராவது என்னைக் கேட்டீர்களா?

மருத்துவப் பரிசோதனை முடிவுகளைக் கைப்பேசிக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் நான் தொழில்நுட்பத் தலைவியாக இருந்தேன். வசந்தி எனக்குக் கீழே செயலிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தாள். எங்கள் தெருக்காரி, நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். நாலு பேர் முன்னால் நான் அவளுக்கு மேடம்; லிஃப்டில் தனியாக இருந்தால் அக்கா. புதிய செயலியில் ஓட்டை இருக்கிறது, ஒருவருடைய ரிப்போர்ட்டை இன்னொருவர் பார்த்துவிடலாம், வெளியிடாதீர்கள் என்று மன்றாடினாள். இயக்குநர்களிடம் நீயே வந்து சொல் என்று கூட்டிப் போனேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. கூப்பிட்டால் ஒழிய ஊழியர்கள் கூட்ட அறைக்குள் வரக் கூடாது. அதுவரை வெளியே நாற்காலியில் காத்திருக்க வேண்டும். வசந்தி மடிக்கணினியோடு காத்திருந்தாள். உள்ளே, வெளியீட்டு விழாவைப் பற்றிப் பேசிப் பேசித் தலைவர் பூரித்துக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது உண்டா என்று என்னிடம் கேட்டார். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை... ஒன்றுமில்லை என்றேன். சே!

இயக்குநர்களோடு நான் வெளியே வந்ததும் வசந்தி எழுந்து நின்றாள்.

“என்னையக் கூப்புடவே இல்லியேக்கா?”

அத்தனை பேர் நடுவே அவள் என்னை அக்கா என்றது அன்றுதான். நேரமில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அடுத்த கூட்டத்துக்குள் எல்லாம் நாறிவிட்டது. தேவ்நாரில் ஒரு பெண்ணின் ரிப்போர்ட் மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போய், அவள் கல்யாணம் நின்றது. முன்பே தெரியுமா என்று விசாரணையில் கேட்டார்கள். வசந்தி என்னிடம் சொல்லவே இல்லை என்றேன். பழி அவள் தலையில் விழுந்தது, வேலை போயிற்று.

தலைவருக்கு உண்மை தெரியும்! வசந்தி அவரிடமும் போய் அழுதிருந்தாள். தெரிந்துதான், சங்கடம் தராத ஆள் என்று தன் நண்பரின் கம்பெனிக்கு என்னைச் சிபாரிசு செய்தார். அந்த நண்பர் இன்னொரு நண்பருக்கு... இவ்வளவுதான் நீங்கள் கைதட்டிய பயணம்.

பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. அவர் மேல், உங்கள் பொன்னாடை மேல், எல்லாரையும் விட என் மேல்.

சொல்லிவிட்டதால் திருந்திவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? நேற்று, நான் இப்போது இயக்குநராக இருக்கும் கம்பெனி ஒன்றில் கூட்டம். அறைக்கு வெளியே ஓர் இளம்பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். செயலியின் பாதுகாப்பைச் சோதிப்பவளாம். அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன சொல்ல வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரியாதா? கூட்டம் முடிகிற நேரத்தில் அந்தக் கம்பெனியின் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். தொழில்நுட்பம் தெரிந்தவர் நீங்கள்தான், அந்தப் பெண்ணைக் கூப்பிடலாமா என்று கேட்டார்.

அடுத்த முறை பார்க்கலாம் என்றேன்.