முதல் கியரில் பின்னால் போன வண்டி

சுடுகாட்டுக் கொட்டகையில் ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்திருந்தவன் நான். திருப்பூரில் வேலை போய் ஊர் ஊராகத் திரிந்தபோது வாடகை கேட்காத கூரை அது ஒன்றுதான். அங்கே என்னைக் கடித்தது கொசு மட்டும்தான், வேறு எதுவும் என்னைத் தேடி வரவில்லை. அதனால் யாராவது பேய், காத்து, கருப்பு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் கண்ணால் பார்க்காததை நம்புகிற ஆள் இல்லை. நீங்களும் அப்படித்தான் என்றால் நல்லது, முழுக்கக் கேட்டுவிட்டு நான் எங்கே ஏமாந்தேன் என்று சொல்லுங்கள். ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ராத்திரி நடந்ததில்லை. சாயங்காலம் ஐந்து மணி, சுள்ளென்று வெயில்.

இப்போது பாப்பாரப்பட்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, ஊர் ஊராகப் போய்க் கொசுவலை விற்கிறேன். அதற்கு ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. கிக்கரும் கியரும் ஒரே கம்பியாக இருக்குமே, அந்த ரகம். வண்டிக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அதில் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, பாயிண்ட். பிளக்கில் எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற சின்ன இரும்புத் துண்டு அது. அது தேய்ந்தாலும் வண்டி நிற்கும், ஈரம் பட்டாலும் நிற்கும். வத்தல்மலை ஏற்றத்தில் கொட்டுகிற மழையில், தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தைக் கிழித்து அதைத் தேய்த்துக்கொண்டு எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன்.

இன்னொரு தொல்லையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த மாதிரி எஞ்சின் எப்போதாவது உதைக்கும்போது திருப்பி உதைத்து, தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி பின்னால் போகும். பழைய மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இதில் மாயம் ஒன்றும் இல்லை.

இரண்டுக்கும் மருந்து வைத்திருப்பதாகச் சொன்னவன் கோவிந்தன். பட்டறை வைத்திருக்கிறான், என் வயதுக்காரன், இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதன்.

"பாயிண்ட்ட தூக்கிக் கடாசுடா. எலக்ட்ரானிக் பொட்டி ஒண்ணு வந்திருக்குது, மாட்டி வுடறன். மழைலயும் நிக்காது, தேயவும் தேயாது."

"ரிவர்ஸ்ல சுத்தறது?"

"எதிர்ப்பக்கம் சுத்துனா பொட்டி கரண்ட்டே வுடாதுடா. அப்பறம் எங்கருந்து சுத்தும்?"

உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாதபடி பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள். பிரித்துப் பார்க்க முடியாத பொருளை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் மாட்டிக்கொண்டேன். எட்டு மாதம் ஒரே உதையில் கிளம்பியது, அதை மறைக்கக் கூடாது. ஊர் ஊராகப் போய் நானே அதற்கு விளம்பரம் செய்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தர்மபுரியிலிருந்துகூட கோவிந்தனைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

இண்டூரிலிருந்து பாப்பாரப்பட்டி வருகிற வழியில் ஒரு ஏரியும் அதை ஒட்டிச் சின்னப் பாலமும் உண்டு. சரக்கெல்லாம் விற்றுவிட்டு வெறும் வண்டியாக வந்த ஒரு நாள், அங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். பிறகு உதைத்தேன், ஒரே உதையில் கிளம்பியது. முதல் கியர். வண்டி பின்னால் போனது. கொஞ்சமும் எதிர்பார்க்காததால் அப்படியே சாய்ந்து, முழங்கைத் தோல் போனது. அணைத்துவிட்டு மறுபடி உதைத்தேன், ஒழுங்காக முன்னால் போனது.

அடுத்த வாரமும் அதே பாலம், அதே கதை. அதற்கடுத்து மூன்றாவது தடவை. வேறு எங்கே நிறுத்தி எடுத்தாலும் ஒரு தொல்லையும் இல்லை. என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா, பேய் பக்கம் இல்லை, கோவிந்தன் பக்கம். இவன் பழைய பாயிண்ட்டை உள்ளேயே விட்டுவிட்டு, கண்ணுக்கு ஒரு வெத்துப் பெட்டியைக் கட்டிவிட்டான் என்று நினைத்தேன். பிசின் ஊற்றியது எதற்கு? நான் பார்க்கக் கூடாது என்றுதானே?

மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான். மறுநாள் காலை டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். கடைக்கார அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தது.

"கண்ணாலம் பண்ணிக்கோன்னா பின்னாடியே போறவன் நீ. உன் வண்டி மட்டும் முன்னாடி போவுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்போடு போகவில்லை. பெட்டி மாட்டக் கோவிந்தன் பட்டறையில் வண்டி விட்டிருந்த இரண்டு பேர் அன்று மதியமே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் கோவிந்தன் என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமில்லடா. என் பேர இப்பிடி சந்தில இழுத்து வுட்டுட்ட."

"உள்ள பாயிண்ட் இருக்குதா இல்லியா? அத மொதல்ல சொல்லு."

அவன் என் வண்டியைத் தெருவிலேயே சாய்த்து, மூடியைக் கழற்றிக் காட்டினான். பாயிண்ட் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு காந்தத் தகடு மட்டும். எனக்கு அப்போதும் சந்தேகம் போகவில்லை, விஷயம் தெரிந்து முன்னமே எடுத்திருப்பான் என்று நின்றேன்.

"செரி, நாளைக்கு சாயங்காலம் அந்தப் பாலத்துக்கே போலாம்," என்றான். "நானே எடுக்கறன். பின்னாடி போச்சுன்னா ஊர்ல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறன். போவலன்னா நீ வந்து அக்கா கடைல சொல்லணும், உன் வாயாலயே. செரியா?"

போனோம். அவன் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் நிறுத்தி என்னை இறக்கிவிட்டான். ரோட்டில் வேறு ஒரு ஆள் இல்லை, ஏரியில் பாதித் தண்ணீர். நான் நாலைந்து அடி தள்ளி நின்றேன், வண்டியின் மேல் என் கை படவே இல்லை, இதை எத்தனை பேரிடம் சொன்னேனோ தெரியாது. கோவிந்தன் உதைத்தான். கிளம்பியது. என்னைப் பார்த்து, "இப்ப பார்றா" என்று சிரித்துக்கொண்டே முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் போனது.

என்னைப் போல அவன் விழவில்லை, அனுபவம் உள்ளவன், காலைத் தரையில் தேய்த்தபடி சமாளித்தான். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் நினைத்திருப்பான், கண்ணாடியைப் பார்த்தான். வலது கைப்பிடியில் இருந்த சின்ன வட்டக் கண்ணாடி. பார்த்தவன் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. ஆக்சிலேட்டரைப் பிடித்திருந்த கையை எடுத்து, அந்தக் கண்ணாடியைப் பொத்தினான். பாம்புக் கூடையை மூடுகிற மாதிரி. வண்டி அவசரம் இல்லாமல் இன்னும் கொஞ்ச தூரம் பின்னாலேயே போய், பாலத்துச் சுவரில் சக்கரம் முட்டி நின்று அணைந்தது. நான் பார்த்தவரைக்கும் பின் சீட்டில் யாரும் இல்லை. வெறும் சீட். சத்தியமாகச் சொல்கிறேன்.

அவன் இறங்கினான். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினான், அதன் பக்கம் முகத்தைத் திருப்பாமலே. ஏரியில் வீசினான். அது முழுகிய பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா பாத்த?"

"தள்ளு."

"டேய், கேக்கறன்ல..."

"வண்டிய தள்ளுடா மொதல்ல."

பாப்பாரப்பட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தோம். எஞ்சினைத் தொட விடவில்லை. அவன் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தான், நான் பின்னாலிருந்து தள்ளினேன். வழக்கத்தை விட வண்டி கனமாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது, ஆனால் அது ஏற்றம், அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை டீக்கடைக்கு எனக்கு முன்னால் அவன் வந்திருந்தான். எல்லாரும் கேட்கிற மாதிரி, "இவன் சொன்னது நெசந்தாங்க. பொட்டி மோசம். நாந்தான் தெரியாம மாட்டி வுட்டுட்டன்," என்றான். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. முந்தின நாள் வரைக்கும் அந்தப் பெட்டிக்காக என்னை அடிக்கக்கூடத் தயாராக இருந்தவன். அதற்கப்புறம் தர்மபுரியிலிருந்து ஒருவரும் வரவில்லை, மாட்டிக்கொண்டு போனவர்கள்கூட வந்து கழற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தான்.

நான் ஜெயித்துவிட்டேன், சந்தோஷப்பட வேண்டியதுதானே. முடியவில்லை. என் வண்டியில் இருந்த பெட்டியைப் பாலக்கோட்டில் வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கொறையும் இல்லீங்களே, எவன் சொன்னான்?" என்றார். அதைத் தக்காளி மண்டிக்காரர் ஒருவரின் பழைய வண்டியில் மாட்டினார், இன்றுவரை ஓடுகிறது. இதைக் கோவிந்தனிடம் போய்ச் சொன்னேன். உன் பேரை நீ திருப்பி வாங்கிக்கொள்ளலாம், நானே கடையில் சொல்கிறேன் என்றேன். அவன் தலை நிமிரவில்லை.

"பொட்டி மோசம்டா. வுட்டுடு."

கண்ணாடியில் என்ன தெரிந்தது என்று அதற்கப்புறம் எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டேன், ஒரு தடவை குடிக்க வைத்தும் கேட்டேன். அதே மூன்று நாலு வார்த்தைதான். பெட்டி மோசம் என்று சொன்னால் அவன் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் வேறு ஏதோ சொல்ல வேண்டியிருக்கும். இரண்டில் அவன் பிழைப்பைத்தான் விட்டான்.

இப்போது என் வண்டியில் மறுபடி பாயிண்ட்தான். வாரம் ஒரு தடவையாவது தேய்க்கவோ இடைவெளி சரி பார்க்கவோ அவன் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கிறது. போய் நிறுத்தியதும் அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. குந்தி உட்கார்ந்து பின் டயரைப் பார்க்கிறான், எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று.

"ஒத்தையாத்தான் வந்தியா?"

"ஆமாண்டா."

பம்பை எடுத்து வந்து பின் சக்கரத்துக்குக் காற்று அடிக்கிறான். தனியாகப் போகிறவனுக்கு வைக்கிற அளவு ஒன்று, இரண்டு பேர் போனால் வைக்கிற அளவு ஒன்று, பழைய வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அவன் எனக்கு இரண்டு பேருக்கான காற்றைத்தான் அடிக்கிறான், ஒவ்வொரு தடவையும். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை.