பாதுகாப்பான அமைவிடத்தின் சாவி

கஹவத்தையில் எனக்கு ஒரு போட்டோகொப்பி கடை இருக்கிறது. கொப்பி எடுக்க வருகிறவர்களைவிட என் தமிழுக்காக வருகிறவர்கள்தான் அதிகம். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல், வாத்தியார் ஓய்வு பெற்றால் பிரியாவிடை மடல், சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கைதான். பெயரை மாத்திரம் மாற்றினால் கல்யாண வீட்டு மடல் சாவு வீட்டுக்கும் பொருந்தும். அவ்வளவு உயர்ந்த தமிழ்.

வைகாசி மழை தொடங்குவதற்கு முன் கிராம சேவகர் கடைக்கு வந்தார். என் அக்கா குடியிருக்கும் தோட்டத்தில், மேல் லயம் என்கிற வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள மண்மேடு முந்தின வருடமே கொஞ்சம் இறங்கியிருந்தது. மழை வலுத்தால் அங்குள்ளவர்கள் வீட்டை விட்டுக் கீழே வர வேண்டும் என்று அறிவித்தல் ஒட்ட வேண்டும். சிங்களத்தில் அவரே எழுதிவிட்டார். மேலிடத்திலிருந்து தமிழ்ப் பிரதி வரவில்லை.

"மல்லி, தெமள எக லியலா தென்ன," என்றார். தம்பி, தமிழில் எழுதித் தா என்று அரசாங்கமே என் கடை வாசலில் வந்து நிற்கிறது. விடுவேனா?

எழுதினேன்: 'அடைமழை காரணமாக ஏற்படக்கூடிய மண்சரிவு அனர்த்தத்திலிருந்து தம்மைத் தற்காத்துக்கொள்ளும் பொருட்டு, மேல் லயத்தில் வதிவோர் உரிய அறிகுறிகள் தென்படுமிடத்துப் பாதுகாப்பான அமைவிடங்களை நோக்கி இடம்பெயருமாறு வினயமாகக் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.'

முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இரண்டையும் பக்கம் பக்கமாகக் கோயில் சுவரில் ஒட்டினோம். சனம் கூடியது. எல்லோரும் முதலில் என் தமிழைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், பிறகு தெரிந்தவர்கள் பக்கத்துச் சிங்களத்தை வாசித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். அக்காவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. என் தமிழை மாத்திரம் வாசித்தாள்.

"நல்லா எழுதியிருக்கடா. சாமி கும்பிடணும் போல இருக்கு," என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை ஊற்றியது. கடைத் தகரத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டதும் கொப்பி மெஷினை நிறுத்தினேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எறங்கி வரலையா?"

"எங்க வரச் சொல்ற?"

"அதான் எழுதிப் போட்டிருக்கேன்ல."

"என்னமோ போட்டிருக்க. பின்னால சுவரு வெடிச்ச மாதிரி இருக்கு. மழ விடட்டும், பாக்கலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா மண்மேட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை வெளியே எடுக்க வேண்டிய வாக்கியத்தை நான் மாலை போட்டு மேடையில் உட்கார வைத்திருக்கிறேன். ஆபத்தில் மனிதனுக்கு வேகம் வரும் என்பார்கள். எனக்கு வந்த வேகத்தில் என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் கொப்பி எடுத்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு ஒரு பெரிய அட்டையில், மார்க்கர் பேனாவால் எழுதினேன்:

'சுவர் வெடித்தால், ஊற்றுத் தண்ணீர் கலங்கினால், உடனே பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். சாமான் எடுக்க நிற்காதீர்கள்.'

இவ்வளவுதான். எழுதியவன் பெயரைப் போடக்கூட வெட்கமாக இருந்தது. ஆட்டோ பிடித்து மேல் லயத்துக்குப் போய், அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மழையில் நின்றேன். வாசித்தவுடன் சண்டை தொடங்கியது.

"சாமான் எடுக்காம? அப்ப என் டிவிய யாரு பாக்குறது?" இது அக்கா.

"பள்ளிக்கூடத்துக்கா? இன்னைக்கு சனிக்கெழம அண்ணே, பூட்டியில்ல கெடக்கு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "சாவி யாருகிட்ட?"

கிராம சேவகருக்குப் போன் போட்டேன். சாவி அவரிடம் இல்லை. பள்ளிக்கூட அதிபர் வாரக் கடைசியில் நிவித்திகலவுக்கு, தன் வீட்டுக்குப் போய்விடுவார். சாவியும் அவரோடு போய்விடும். சிங்களத்தில் கிராம சேவகரும், தமிழில் நானும், 'பாதுகாப்பான அமைவிடம்' என்று எழுதி முடித்திருந்தோம். அது பூட்டிக் கிடக்கும் என்று இரண்டு மொழியிலும் யாருக்கும் தோன்றவில்லை. என் பழைய அறிவித்தலை யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்காததன் காரணம் அந்த மழையில் எனக்குத் தெளிந்தது. புரியாததோடு எவன் சண்டை போடுவான்? பாராட்டிவிட்டுப் போவான். எழுதுகிறவனுக்கு அதைவிடச் சௌகரியம் உண்டா?

போன் போட்டுச் சொன்னதும் அதிபர் சாவியைக் கஹவத்தை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். நான் பஸ் ஹோல்ட்டில் நின்றேன். மழையில் எது பஸ் என்று தெரியாமல் வந்த லொறியை எல்லாம் கை காட்டி மறித்தேன். ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கி, நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து, அன்போடு, என் வீடு எங்கே என்று விசாரித்தார். ஒருவழியாக பஸ் வந்தது. சாவி ஒரு பிஸ்கட் பைக்குள் இருந்தது.

பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு மேல் லயத்துக்கு ஓடி, அட்டையில் இன்னொரு வரி சேர்த்தேன்: 'பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது.' அந்த வரிக்குத்தான் சனம் எழும்பியது. அக்கா டிவியைப் போர்வையில் சுற்றி, ஆட்டோக்காரன் மடியில் வைத்துவிட்டு, தான் நனைந்துகொண்டே நடந்து வந்தாள்.

வகுப்பறையில் வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம். அக்கா என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். ரொட்டிக்கு மா பிசைந்து வைத்ததைப் போட்டுவிட்டு வந்தாளாம், மேடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறதாம், என் பயத்துக்கு அவள் பட்டினி கிடக்க வேண்டுமாம்.

பொழுது சாய்வதற்குள் மேலே போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்தார்கள். மேடு இறங்கிவிட்டது. லயத்தின் முன்பக்கம் நிற்கிறது. பின்பக்கத்துக் குசினிகளுக்குள், அடுப்படியெல்லாம், கூரை வரை மண். அக்காவுடையதும் போய்விட்டது.

அக்கா நகத்தோரம் இன்னும் ஒட்டியிருந்த மாவைச் சேலையில் துடைத்தாள்.

"அந்த அட்டை எங்க?"

கொடுத்தேன்.

"சாமானப் பத்தி அப்புறம் எழுது. குசினியில நிக்காதீங்கன்னு முதல்ல எழுது."

மேலே இடம் இல்லை. மழையில் மை வேறு ஊறியிருந்தது. அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.