கல்லுக்கு அடியில் ஓட்டைக் காலணா

பழிவாங்குவது தப்பு என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லோருக்கும் அவரவர் கொல்லைக்கு வண்டி போக வழி இருந்தது. எனக்கு இல்லை. பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் அப்பா எனக்கு விட்டுப்போன மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போடுகிற நிலம், இருக்கிறது. அதற்கு டிராக்டர் போகிற வழியை என் பெரியப்பா மகன் விழுங்கிவிட்டான். எல்லைக் கல்லைப் பிடுங்கி என் பக்கம் தள்ளி நட்டான். ஜேசிபி வைத்து வரப்பை வழித்தான். ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டி ஒரே மட்டமாக்கி, அதன் மேல் கேப்பை விதைத்தான். அப்பாவுக்கு வருஷ திதி கூட வரவில்லை அப்போது.

அந்த அறுவடைக்கு மல்லாட்டை மூட்டைகளைத் தலையில் வைத்து, ஊரைச் சுற்றிக்கொண்டு, அடுத்தவர்கள் வரப்பில் நடந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். வழியில் அவன் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டேரிப்பட்டில் உரக்கடை வைத்திருக்கிறான். வெள்ளைச் சட்டை கசங்காது. நான் திண்டிவனத்தில் தையல் கடை நடத்துகிறவள். தலையில் மூட்டையோடு அவனிடம் நியாயம் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட எனக்கு மறக்கவில்லை.

"கல்லு அங்க இருந்துது, இங்க இருந்துதுன்னு நீ சொன்னா ஆச்சா? பூமி வாயத் தொறந்து சொல்லட்டும், நான் எட்த்துடறேன்."

சொல்ல வைக்கிறேன்டா என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சர்வேயரை அழைத்து வந்தேன். அவர் பார்த்துவிட்டு, இது கூட்டுப் பட்டா, உட்பிரிவே ஆகவில்லை, அண்ணன் தம்பி வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டதை நான் எதை வைத்து அளப்பேன் என்று கேட்டார். அவர் கேட்டதும் சரிதான். என் அப்பாவும் பெரியப்பாவும் காகிதம் எதுவும் எழுதவில்லை. கல் நட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் வெறும் கல்லை நட மாட்டார்கள். குழி வெட்டி, கற்பூரம் கொளுத்தி, பாகம் பிரிகிற இரண்டு வீட்டிலும் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு காசு குழிக்குள் போட வேண்டும். அதற்கு மேல்தான் கல். நானும் அவனும் சின்னப் பிள்ளைகள் அப்போது. அப்பா என் கையில் ஒரு பத்துப் பைசா கொடுத்தார், போட்டேன். அவன் தன் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த ஓட்டைக் காலணாவைத்தான் போடுவேன் என்று அடம் பிடித்தான். பெரியப்பா அவிழ்த்துக் கொடுத்தார். போட்ட உடனே திருப்பிக் கொடு என்று மண்ணில் புரண்டு அழுதான். கொடுக்கவில்லை, கல்லை இறக்கிவிட்டார்கள்.

கல்லைத்தான் அவன் பிடுங்கினான். ஜேசிபிக்காரன் மேலாக வழித்துக்கொண்டு போயிருப்பான். காசு கீழேதான் இருக்க வேண்டும். அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு வண்டல். எங்கே என்பதுதான் தெரியவில்லை. அடையாளத்துக்கு இருந்த பனைமரத்தையும் வெட்டி விற்றுவிட்டான் புண்ணியவான்.

மெட்டல் டிடெக்டர் ஆன்லைனில் வந்தது. நீளமான கம்பு, அடியில் தட்டு மாதிரி ஒரு காயில், காதில் ஹெட்போன். கேப்பை அறுத்து நிலம் காலியாகக் கிடந்தபோது, அவன் கடைக்குப் போன பிறகு, போய் இறங்கினேன். வாங்கினவளுக்கு ஆத்திரம் அதிகம் இல்லையா, சென்சிடிவிட்டியைக் கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டேன். அதிகமாக வைத்தால் அதிக ஆழம் போகும் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? அது கத்தின கத்தலில் காது அடைத்துப்போயிற்று. கல்லுக்குக் கத்துகிறது, மண்ணுக்குக் கத்துகிறது, தலைக்கு மேல் போகிற கரண்டுக் கம்பிக்கும் கத்துகிறது. பேஜாராகிவிட்டது.

வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் காயிலைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி, அந்த மண்ணுக்குக் கருவியைப் பழக்க வேண்டும். ஏற்றி இறக்கும்போது சத்தம் வராமல் அடங்க வேண்டும். எங்கள் செம்மண்ணுக்கு ஒரு அளவு, மேலே கிடக்கும் வண்டலுக்கு வேறு அளவு. பிறகு சென்சிடிவிட்டியைக் குறைக்க வேண்டும். குறைத்தால்தான் ஆழத்தில் இருக்கிற சின்னச் சத்தம் காதில் விழுகிறது. எவ்வளவு நாள் ஆயிற்று எனக்கு இது புரிய! காயிலைத் தரையோடு ஒட்டி, மெதுவாக, துணிக்கு இஸ்திரி போடுவது போல ஓட்ட வேண்டும். பக்கத்துக் கொல்லை மோட்டார் ஓடும்போது தேடவே கூடாது. பெரிய காயில் ஒன்றும் வாங்கிப் போட்டேன்.

நிலத்தில் ஆணியும் கலப்பைப் பல்லும் கம்பித் துண்டும் நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் குனிந்து இடுப்பு போயிற்று. இரும்பை ஒதுக்கிவிடுகிற ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டேன். கருவி அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் மூலைக்கு மூலை நடந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு பத்துப் பைசா கூட இல்லை. பெரியப்பா மகன் காசையும் சேர்த்து அள்ளிவிட்டான் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன். துக்கத்தில் அழவில்லை, கோபத்தில் அழுதேன்.

டீக்கடைக்காரம்மா ஒருநாள், புதையலா தேடுகிறாய் என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். அந்த ஒரு சிரிப்பு ஊருக்குள் என்ன வேலை செய்தது என்று பிறகு பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்து, கொல்லையில் சாப்பிடலாம் என்று தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் மறித்து, உச்சி வேளையில் கறி எடுத்துக்கொண்டு போகிறாயே, அறிவிருக்கிறதா என்று திட்டிவிட்டு, ஒரு ஆணியைக் கொண்டுவந்து சட்டி மூடி மேல் வைத்தாள். காத்து கருப்பு அண்டாதாம். நான் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

குழியில் காசு போட்ட பிறகு, கல்லை இறக்குவதற்கு முன்னால், பெரியப்பா தேய்ந்துபோன ஏர்க் கொழு ஒன்றை அதன் மேல் வைத்தார். இரும்பில்லாமல் எங்கள் வீட்டில் யார் எதைப் புதைத்தார்கள்? கறிச் சட்டிக்கே ஆணி வைக்கிற ஜாதி நாங்கள். காசு கொழுவுக்கு அடியில் கிடக்கிறது, நான் கருவியிடம் இரும்பு வந்தால் வாயை மூடிக்கொள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பாவம், சொன்னபடி மூடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அந்த செட்டிங்கை எடுத்துவிட்டேன். சின்ன இரும்புச் சத்தங்களையெல்லாம் விட்டுவிட்டு, ஆழத்தில் உறுமுகிற பெரிய இரும்பை மட்டும் தேடினேன். சாயங்காலத்துக்குள் கிடைத்துவிட்டது. கட்டையான உறுமல். அதன் மேல் ஒரு பக்கமாக ஓட்டினேன், பிறகு குறுக்காக ஓட்டினேன். உறுமல் முடிகிற விளிம்பில், மெல்லிசாக, கணீரென்று இன்னொரு சத்தம். செம்பின் சத்தம். அவன் நட்டிருந்த கல் அங்கிருந்து ஒரு டிராக்டர் தாராளமாகத் திரும்புகிற தூரத்தில் நின்றது.

நான் தோண்டவில்லை. தோண்டினால், நீயே கொண்டுவந்து புதைத்தாய் என்பான். அவன் கை தோண்ட வேண்டும்.

மறுநாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து, ஆழத்தில் ஏதோ செம்பு காட்டுகிறது என்று மட்டும் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்லைக்குப் போய் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு நின்றேன். உரக்கடையைப் பூட்டிவிட்டு அவன் வந்தான். கையில் கடப்பாரை, பின்னால் பாதி ஊர். என் நிலம், எது கிடைத்தாலும் என்னுடையது, நீ தள்ளு என்றான்.

தள்ளி நின்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "புதையல்னா கவர்மென்டுக்குத்தான் சொந்தம்ணா. விஏஓவுக்குப் போன் பண்ணிடவா?" என்றேன். செல்போனையும் எடுத்தேன்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வந்த ஐசுவரியம் கைநழுவுகிற பதற்றத்தில் கத்தினான்.

"புதையலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது எங்கூட்டுக் காசு. இந்த எடத்துலதான் எங்கப்பா குழி வெட்டிப் போட்டாரு. நான் கூட நின்னுக்கினு பார்த்தேன்."

சரிண்ணா என்றேன். தோண்டு.

தோண்டினான். வண்டல் தீர்ந்து செம்மண் வந்தது. கொழு வந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையை விட்டான். பச்சை பிடித்த காசுகள், வெளுத்துப்போன பத்துப் பைசா, பிறகு ஓட்டைக் காலணா. சட்டையில் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அவன் என்ன சொல்லிவிட்டான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியம்மா வந்தாள். அவன் அம்மாதான். மகன் கையிலிருந்து அந்தக் காலணாவை வாங்கிப் பார்த்தாள். "டேய், இது உன் அரணாக்கவுத்துல நான் கோத்தது. கல்லுக்கு அடியில போட்டுட்டு அழுதியே" என்றாள். கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பி, தூரத்தில் அவன் நட்டிருந்த கல்லைப் பார்த்தார்கள். எனக்கு மல்லாட்டை மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தது போல இருந்தது.

அந்த வாரமே கல் திரும்பி வந்தது. ஊரார் முன்னால் அவனே தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், வெள்ளைச் சட்டையோடு. வழக்கப்படி பழைய காசையெல்லாம் திரும்பக் குழியில் போட்டு, புதுசாக ஆளுக்கு ஒன்று போட்டோம். எல்லாம் போட்டாகிவிட்டது, ஓட்டைக் காலணா மட்டும் அவன் உள்ளங்கையில் இருந்தது.

"இத மட்டும் நான் வெச்சிக்கிறேனே. எங்கப்பா கையால அவுத்துக் குட்த்தது."

கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. பெரியம்மா என்னைப் பார்த்தாள். விட்டுக்கொடு என்று எல்லோருடைய கண்ணும் சொன்னது. எனக்கு மூட்டை தூக்கின நாளும், பைக்கில் சாய்ந்து நின்ற அவனும்தான் கண்முன் வந்தார்கள்.

"போடுண்ணா," என்றேன்.

போட்டான். ஐம்பதை நெருங்குகிற ஆள், சின்னப் பிள்ளையில் அழுத அதே அழுகை அழுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, முழுதாகப் பார்த்தேன். அதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை.

மேலே கொழுவை வைத்து, கல்லை இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தோம். கிளம்புவதற்கு முன்னால் கருவியை எடுத்துக் கல்லின் ஓரமாக ஒருமுறை மெதுவாக ஓட்டினேன். பூமி வாயைத் திறப்பது அவனுக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கருவியிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் ஓட்டினேன்.