மூன்று முறை மாற்ற வேண்டிய தண்ணீர்

என் வீட்டு முற்றத்து மீன் குளம் ஏழு மழைக்காலம் கண்டுவிட்டது. ஒரு விரிசல் இல்லை. வருகிறவர்கள் பாராட்டும்போது எந்தப் பக்கம் பார்ப்பதென்று எனக்குத் தெரிவதில்லை.

கட்டியவர் பக்கத்து ஊர்க் கொத்தனார். கருங்கல் அடுக்கி, கம்பி வலை விரித்து, இரண்டு பூச்சு பூசினார். வேலை முடிந்த அன்று, "சார், ஒடனே மீனு வுட்றாதீங்க. புது சிமெண்டு, காரம் எறங்கும். வாழமட்டய வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊற வெச்சி எறச்சிடுங்க. இப்டி மூணு வாட்டி" என்றார்.

பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் நான். எனக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஒருமுறைதான் மாற்றினேன். ஓய்வூதிய வேலையாக எங்கள் மலையிலிருந்து இறங்கித் திருப்பத்தூர் போன இடத்தில் ஒரு கடையில் தங்கமீன்களைப் பார்த்தேன். மறுபடி பஸ்ஸுக்குக் காத்து யார் மலையிறங்குவது என்று பன்னிரண்டு மீன்களை வாங்கி வந்து குளத்தில் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பன்னிரண்டும் மிதந்தன.

கொத்தனார் வந்தபோது என் மனைவியும் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள்.

"தண்ணி மூணு வாட்டி மாத்துனீங்களா சார்?"

"மாத்தினேன். உன் கலவைதான் சரியில்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கமா, மீன் போன ஆத்திரமா? இன்றுவரை பிடிபடவில்லை.

அவர் பூச்சு முழுவதையும் கொத்தியெடுத்து மறுபடி பூசினார். தண்ணீரையும் தானே வந்து மூன்று முறை மாற்றினார். புது மீன்கள் பிழைத்தன. நான் சொன்னதுதான் சரி என்று ஊரே முடிவுகட்டியது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் தொட்டி வேல எடுக்கறதில்லீங்க சார். படிச்சவரு நீங்களே சொல்ட்டீங்க. நம்ம கை மேலயே சந்தேகம் வந்துட்ச்சி. செவுரு மட்டும்தான்."

சொல்லிவிட்டேன். ஒருமுறைதான் தண்ணீர் மாற்றினேன், பொய் சொன்னேன், உங்கள் கலவையில் குற்றமே இல்லை என்று.

அவர் சிரித்தார். "இன்னா சார், என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்களா? கலவ நல்லா இருந்தா மொத வாட்டி ஏன் சார் செத்துச்சி?" உள்ளே திரும்பி, "சாருக்கு டீ போடு" என்றார்.

காரம், சுண்ணாம்பு எல்லாவற்றையும் விளக்கினேன். "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டினார். நம்பவில்லை.

மறுபடி அவரிடமே போவதா, அன்று தெருவில் நின்றவர்களிடம் முதலில் சொல்வதா? என் மனைவியிடமே இன்னும் சொல்லவில்லை.