மயக்க ஊசிக்கு முன்

“…சாவுக்குப் பயப்படலை தம்பி. மயங்கிக் கிடக்கையில உசிரு போயிட்டா, அந்த நேரத்துல பெருமாளை, என் ரங்கனை, யாரு நினைக்கிறது? முதல்ல அதைச் சொல்லுங்க” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. பித்தப்பை ஆபரேஷனுக்காகப் பச்சை அங்கி மாட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்து நிற்கிறார். ஏற மாட்டேன் என்கிறார். முதுகில் ஊசி போட்டு விழித்திருக்கும்படி செய்ய முடியாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டார். இவருக்கு அது சரிவராதாம். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொல்லிவிட்டார்கள்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டியவர். சுத்தியலைத் தூக்கினாலும் ரங்கா, இறக்கினாலும் ரங்கா. கடைசி மூச்சில் யாரை நினைக்கிறோமோ அவரிடம்தான் போய்ச் சேர்வோம். எது கடைசி மூச்சென்று தெரியாததால் எல்லா மூச்சிலும் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பார். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் என் மனம் நாலு ஊர் சுற்றி வந்துவிடும்.

எனக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, எங்கள் அண்ணி, தலை நிமிராமலே கேட்டார்:

“ராத்திரி அந்தக் குறட்டை விடுறீங்களே, அப்ப யாரு நினைக்கிறாங்களாம்?”

“அது தூக்கம்டி. காலைல எழுந்துருவேன்.”

“எழுந்துருவீங்கன்னு யாரு சொன்னா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“ஸ்ரீரங்கத்துக்கு யாரைக் கூட்டிட்டுப் போனாலும் நீங்கதானே சொல்வீங்க, பெருமாள் படுத்திருக்காரே தவிர தூங்கலைன்னு? எதுக்குங்க தூங்காம கிடக்காரு? நீங்க கண்ணை மூடுற நேரத்துக்குத்தான். இத்தனை வருஷம் கூப்பிட்ட ஆளை அவரு மறந்துருவாரா?”

“கோயில் பக்கமே வர்றதில்ல, பேச்சைப் பாரு.”

“எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டா உலையில அரிசி யாரு போடுறது?”

நர்ஸ் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. இவ்வளவு நாளும் தான்தான் இறுக்கிப் பிடித்திருப்பதாக எண்ணியவருக்கு, அந்தப் பக்கமும் ஒரு கை பிடித்திருக்கும் என்பது லேசில் உள்ளே இறங்குமா? பிறகு, மயங்கினாலும் நாக்கிலே இருக்கட்டுமென்று யாருக்கும் தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த துளசியை விரலால் எடுத்து, அண்ணியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார்.